சாலிட் டயர் தங்கம்தான், சைஸ் கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடு

பள்ளத்தூரில் அரிசி ஆலை நடத்தும் நண்பர் சரக்கைத் தூக்கி அடுக்கும் வண்டியான ஃபோர்க்லிப்ட், பழைய 3 டன் ஒன்றை வாங்கியிருக்கிறார். "உங்க வண்டி டயர் எப்படிண்ணே இருக்கு? எனக்கு முன் டயர்ல சைஸே தெரியல, டேப் வச்சு அளந்து சொன்னா கடையில குடுத்துருவாங்களா?" என்று கேட்டார். போனில் சொல்லித் தீராது, அதனால் எழுதுகிறேன்.

முதலில் டயர். காரைக்குடியில் எங்களுக்குப் பழைய மரக் கிடங்கு. பிரித்த வீடுகளின் பர்மா தேக்குத் தூண், நிலை, உத்தரம் எல்லாம் இங்கேதான் வந்து இறங்கும். மரத்தோடு ஆணியும் வரும். காற்று டயர் ஓட்டிய காலத்தில் பஞ்சர் ஒட்டுவதே தனி வேலையாக இருந்தது. காற்றே இல்லாமல் முழுக்க ரப்பராக இருக்கும் சாலிட் டயர் மாட்டிய பிறகு அந்தப் பேச்சே இல்லை. பழைய நிலை ஆணி ஒன்று தலைவரைக்கும் ஏறி நின்றது. குறடால் பிடுங்கிப் போட்டுவிட்டு அடுத்த தூணை எடுத்தோம். செம்புராங்கல் தரையில் குலுக்கல் அதிகம்தான், ஆபரேட்டர் தம்பிக்கு இடுப்பு வலிக்கிறது. ஆனாலும் உழைப்பில் குறை சொல்லவே முடியாது.

என் கோபமெல்லாம் அந்தச் சைஸ் எழுத்தின் மேல். கறுப்பு ரப்பரில் கறுப்பு எழுத்து, அதுவும் கல்லும் மரமும் உரசுகிற பக்கவாட்டில். டயர் பாதி தேய்வதற்குள் எழுத்து போய்விடும். எழுத்து தப்பித்தாலும் நிம்மதி கிடையாது. என் முன் டயர் 28x9-15: வெளிவிட்டம் 28 அங்குலம், அகலம் 9, ரிம் 15. இதே டயரை ஒருவர் 8.15-15 என்பார், இன்னொருவர் 225/75-15 என்பார். மூன்றும் ஒன்றே. பின் டயரோ 6.50-10. அதில் 6.50 அகலம், 10 ரிம். வெளிவிட்டம் எங்குமே இல்லை. ஒரே வண்டியில் முன்னுக்கு ஒரு கணக்கு, பின்னுக்கு ஒரு கணக்கு!

சரி, அளப்பது எப்படி? தேய்ந்த டயரின் வெளிவிட்டத்தை நம்பவே நம்பாதீர்கள். 28 அங்குல டயர் தேய்ந்து 25 காட்டும். அதைச் சொன்னால் கடைக்காரர் வேறு சைஸுக்குப் போய்விடுவார். ரிம் தேயாது, அதிலிருந்து தொடங்குங்கள். ரிம்மின் வெளி விளிம்புக்கு விளிம்பு டேப் பிடித்தால் 15 வராது, கூடுதலாகத்தான் காட்டும். டயரின் உள்விளிம்பு உட்காரும் இடத்தின் விட்டம்தான் 15. விளிம்பு அதற்கு மேல் எழும்பி நிற்கிறது. இரண்டு பக்கமும் அந்த உயரத்தைக் கழிக்க வேண்டும். அடுத்து ரிம் அகலம், விளிம்புகளின் உள்பக்கத்துக்கு உள்பக்கம். டயரில் 28x9-15/7.00 என்று இருந்தால் கடைசி 7.00 அதுதான். ரிம்மில் லாக் ரிங் (டயர் கழன்றுவிடாமல் பிடிக்கும் இரும்பு வளையம்) இருக்கிறதா என்று பார்த்து அதையும் சொல்லுங்கள், டயரின் உள்வாய் அதற்கேற்ப மாறும். எல்லாவற்றுக்கும் மேலாக வண்டியோடு வந்த புத்தகத்தையும் வண்டியில் பதித்திருக்கும் விவரத் தகட்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இவ்வளவையும் நான் தாளில் எழுதிக் கொடுத்தும் ஒரு கடையில் 250-15 என்ற வேறு சைஸ் டயரை அனுப்பினார்கள். "ரிம் 15ன்னா எல்லாருக்கும் இதுதாண்ணே போகுது" என்று பதில். ரிம்மில் அது உட்காரும், அதுதான் ஆபத்தே. மாட்டுவதற்கு முன் கொத்தனார் நூலைச் சுற்றி அளந்தோம். 28 அங்குல டயருக்குச் சுற்றளவு 88 அங்குலம் அளவில் வரவேண்டும். இது அதையும் தாண்டிப் போனது. சுற்றளவை 3.14-ஆல் வகுத்தால் விட்டம் தெரிந்துவிடும். ஏறக்குறைய ஒரு அங்குலம் பெரியது.

ஒரு அங்குலம்தானே என்று விடக் கூடாது. ஒரு பக்க டயர் விட்டத்தில் 1 அங்குலம் கூடினால் அந்தப் பக்கம் அரை அங்குலம் தூக்கும். முன் சக்கரங்களுக்கு நடுவே 1 மீட்டர் இடைவெளி என்றால், 3 மீட்டர் உயரத்தில் சரக்கு ஒன்றரை அங்குலம் சாய்ந்து நிற்கும். உங்களுக்கு அது நெல் மூட்டை, எங்களுக்குத் தேக்குத் தூண். கீழே ஆள் நிற்கிற இடம். அதனால்தான் முன் டயரை ஜோடியாக மாற்றச் சொல்கிறார்கள். செலவைப் பார்த்து ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள்.

அப்புறம் மாட்டுவது. சாலிட் டயரைப் பஞ்சர் கடையில் நெம்பி ஏற்ற முடியாது, ஹைட்ராலிக் பிரஸ் என்கிற அழுத்து இயந்திரம் வேண்டும். சக்கரத்தைக் கழற்றி வண்டியில் ஏற்றிக் கொண்டு வெளியூர் போய்வருவதற்குள் கிடங்கு வேலை நின்றுபோகும். திருப்பி அனுப்பிய டயருக்கு லாரி வாடகையும் என் தலையில்தான் விழுந்தது.

இவ்வளவு உழைக்கிற டயர் வேறு கிடையாது. ஆனால் இன்றைக்கு என்னைக் கேட்டால், காற்று டயரையே போடுங்கள் என்றுதான் சொல்வேன். உங்கள் ஆலையில் சிமென்ட் தரை, ஆணித் தொல்லையும் இல்லை. உள்ளூரிலேயே மாட்டிக்கொள்ளலாம். ஒன்று மட்டும்: ரிம் இரண்டு துண்டாகப் போல்ட் போட்டதாக இருந்தால், காற்றை முழுதும் இறக்காமல் ஒரு நட்டைக்கூடத் தளர்த்த விடாதீர்கள்.