எண்ணெய் எடுக்க வெளிநாட்டுப் பணம்: எந்த வழியில வாங்குனா யார் தலையில விடியும்?

கடலுக்கடியில எண்ணெய் இருக்குன்னு தெரிஞ்சாலும் கையில காசு இல்லாத நாடு என்ன பண்ணும், வெளியிலேர்ந்துதான் பணத்தைக் கூப்பிடணும், ஏன்னா ஆழ்கடல்ல ஒரே ஒரு கிணறு தோண்டவே பல கோடி டாலர் ஆகும், தோண்டி முடிச்சு ஒண்ணுமே இல்லாமலும் போகலாம். ஆனா ஒப்பந்தம்னு வந்தா எல்லாரும் கேக்கறது "நமக்கு எத்தனை பர்சென்ட்?"ங்கறது மட்டும்தான். நான் முதல்ல பாக்கறது வேற ரெண்டு விஷயம். கிணறு வறண்டு போனா யாருக்கு நஷ்டம், விலை விழுந்தா யாருக்கு நஷ்டம்.

முதல் வழி உற்பத்திப் பங்கு ஒப்பந்தம், 1960கள்ல இந்தோனேசியா ஆரம்பிச்சு வச்சது. கம்பெனி தன் காசைப் போட்டுத் தோண்டும், எண்ணெய் வரலைன்னா அது கம்பெனி நஷ்டம், நாட்டு மேல ஒரு டாலர் கடன் ஏறாது. வந்தா முதல்ல செலவைக் கழிச்சுக்கிட்டு மிச்சத்தைப் பங்கு போடுவாங்க.

இங்கதான் சூட்சுமம். தென் அமெரிக்க நாடான கயானா 2016ல அமெரிக்க எண்ணெய்க் கம்பெனி எக்ஸானோட குழுமத்தோட போட்ட ஒப்பந்தத்தை எடுத்துக்கோங்க. 100 பேரல் வந்தா 75 வரைக்கும் செலவுக் கணக்குல போயிடலாம், மிச்சம் 25ஐ பாதிப் பாதியாப் பிரிச்சா அரசுக்கு பன்னிரண்டரை, எண்ணெய் எடுக்கறதுக்காக அரசுக்குத் தனியாத் தர்ற ராயல்டி 2 சேர்த்தா பதினாலரை பேரல். பாதிப் பங்குன்னு காதுல விழுந்தது கையில வரும்போது இவ்வளவுதான். அதோட ஒரு வயலோட செலவை இன்னொரு வயல் வருமானத்துல கழிக்கக் கூடாதுன்னு ஒரு தடுப்பு இருந்திருக்கணும், அது இல்ல, அதனால புதுசு புதுசா வயல் தோண்டத் தோண்ட பழைய வயல் லாபம் அரசு கைக்கு வர்றது தள்ளிக்கிட்டே போகும். புது ஒப்பந்தங்களுக்குன்னு பின்னாடி கொண்டுவந்த மாடல் ஒப்பந்தத்துல ராயல்டியை 10% ஆக்கி, செலவுக் கழிவை 65%க்குக் குறைச்சாங்க, ஆனா எக்ஸான் குழுமத்துக்கு ஏற்கனவே கொடுத்த கடல் பகுதிக்கு அது பொருந்தாது. என்னைக் கேட்டா 50-50ஐ விட செலவுக் கழிவு எவ்வளவு, அந்தச் செலவை யார் ஆடிட் பண்றாங்கங்கறதுதான் முக்கியம்.

ரெண்டாவது, எண்ணெயை அடகு வச்சு வாங்குற கடன். அங்கோலா உள்நாட்டுப் போர் முடிஞ்ச கையோட 2004ல சீன அரசோட எக்ஸிம் பேங்க் கிட்ட 200 கோடி டாலர் வாங்குச்சு, ரோடு ரயில்னு வேலை உடனே ஆரம்பிச்சுது, மத்தவங்க யோசிச்சுக்கிட்டு இருந்த நேரத்துல பணம் வந்ததால அவங்களைக் குறை சொல்ல மனசு வரல. ஆனா சாட் நாட்டைப் பாத்தா வயிறு கலங்குது. அங்க எண்ணெய் வயல்ல அமெரிக்கக் கம்பெனி செவ்ரான் வச்சிருந்த பங்கை வாங்க 2014ல எண்ணெய் வியாபாரக் கம்பெனி க்ளென்கோர் கிட்ட கிட்டத்தட்ட 145 கோடி டாலர் கடன், திருப்பித் தர்றது கச்சா எண்ணெயா. அப்போ பேரல் 100 டாலருக்கு மேல, அடுத்த ஜனவரிக்குள்ள 50க்குக் கீழ. 100 டாலர் தவணைக்கு ஒரு பேரல் போதும்னு இருந்தது ரெண்டு பேரலுக்கு மேல ஆயிடுச்சு, மருந்துக்கும் சம்பளத்துக்கும் போகவேண்டிய எண்ணெயெல்லாம் தவணைக்கே கப்பல் ஏறுச்சு. 2015ல, 2018ல, திரும்ப 2022லன்னு கடனை மாத்தி எழுத வேண்டியதாச்சு. விலை விழுந்தா தவணையும் தானா தள்ளிப்போகும்னு ஆரம்பத்துலயே ஒரு வரி எழுதாம இந்தக் கடன்ல கையெழுத்தே போடக்கூடாது.

சர்வீஸ் ஒப்பந்தம்னு ஒண்ணு இருக்கு, 2009ல ஈராக் ருமைலா வயலுக்குப் போட்டது, எண்ணெய் நாட்டோடதுதான், கூடுதலா எடுத்துக் கொடுக்கற ஒவ்வொரு பேரலுக்கும் கம்பெனிக்கு 2 டாலர் கூலி, செலவு தனி. எண்ணெய் இருக்கறது ஏற்கனவே உறுதியான இடத்துக்குத்தான் இது சரிவரும், விலை ஏறுனா லாபம் முழுக்க நாட்டுக்கு, விழுந்தா அடியும் நாட்டுக்கே.

கடைசியா ப்ராஜெக்ட் ஃபைனான்ஸ். இதுக்குன்னே தனியா ஒரு கம்பெனி ஆரம்பிச்சு, அதுமேலதான் கடன், ப்ராஜெக்ட் வருமானத்துலேர்ந்துதான் திருப்பிக் கட்டணும், பேங்குக்காரங்க நேரா கஜானாவுல கை வைக்க முடியாது. மத்ததை விட இது பாதுகாப்பு, நான் மெச்சறதும் இதைத்தான், ஆனா பேங்குக்காரங்க லேசுல நம்ப மாட்டாங்க, யாருக்கு விக்கப்போறோம்னு நீண்டகால ஒப்பந்தம் கேப்பாங்க, வருமானம் எஸ்க்ரோ அக்கவுண்ட்ல, அதாவது நடுவுல ஒருத்தர் பாத்துக்கற தனிக் கணக்குல விழுந்து தவணை போன மிச்சம்தான் வெளிய வரும். அதனால எண்ணெய் கண்டுபிடிச்ச பிறகுதான் இது நடக்கும், தேடற கட்டத்துக்கு ஆகாது. நேரமும் பிடிக்கும். மொசாம்பிக் எல்என்ஜிங்கற, இயற்கை எரிவாயுவைத் திரவமாக்கி விக்கற ப்ராஜெக்டுக்கு 2020ல 1,490 கோடி டாலர் திரட்டுனாங்க, 2021 மார்ச்ல பக்கத்துல இருக்கற பால்மா ஊர் மேல ஆயுதக்குழு தாக்குதல், ஏப்ரல்ல ப்ராஜெக்டை நடத்தற பிரெஞ்சுக் கம்பெனி டோட்டல் வேலையை நிறுத்திடுச்சு, அந்தத் தடையை நீக்க 2025 நவம்பர் ஆச்சு. ஆனா அந்தப் பெரிய கடன் அப்படியே அரசு தலையில வந்து உக்காரல. அரசுக் கம்பெனிக்கு அதுல 15% பங்கு இருக்கு, அந்தப் பங்குக்குப் பணம் எங்கேர்ந்து வருது, அரசு அதுக்கு ஜாமீன் போட்டிருக்கான்னு தனியாத் தோண்டிப் பாக்கணும், நாட்டு மேல கடன் நுழையற கதவு பெரும்பாலும் அதுதான்.