விறகு பிளக்கும் மெஷின்: டிராக்டர் ஹைட்ராலிக்கே போதுமா, பிடிஓ பம்ப் வேண்டுமா?

லேத் பட்டறையில் செய்து டிராக்டருக்குப் பின்னால் மாட்டி ஓட்டும் விறகு பிளக்கும் மெஷின்களில் பெரும்பாலும் ஒரே குறைதான்: வேலை மெதுவாக நடக்கிறது. உடனே எல்லாரும் யோசிப்பது பெரிய சிலிண்டர். அதை வாங்காதீர்கள், மெஷின் இன்னும் மெதுவாகும். ஏன் என்று கணக்கோடு பார்த்துவிட்டு, உண்மையில் எதை மாற்றினால் பலன் என்று பார்க்கலாம்.

ஒப்பிட ஒரு மெஷின் வேண்டும். 100 மி.மீ. போர் (உள் விட்டம்), 50 மி.மீ. ராடு (பிஸ்டனோடு சேர்ந்த தண்டு), 600 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) உள்ள சிலிண்டர், 35 முதல் 45 ஹெச்.பி. டிராக்டர், டிப்பர் டிரெய்லருக்குப் போகும் லைனிலிருந்து ஆயில், 180 பார் பிரஷர் என்று வைத்துக்கொள்வோம். தள்ளும் பலம் 14 டன்னுக்குக் கொஞ்சம் மேலே வரும். நேர் இழையாக உள்ள யூகலிப்டஸ், சவுக்குக் கட்டைகளுக்கு இது தாராளம். முடிச்சு விழுந்த புளியும் சீமைக் கருவேல அடிமரமும்கூட ஆப்பு ஒழுங்காகக் கூராக இருந்தால் பெரும்பாலும் பிளந்துவிடும். ஆக, குறை பலத்தில் இல்லை. சிலிண்டர் முழுதாக நீள 4.7 லிட்டர் ஆயில் வேண்டும், டிராக்டர் பம்ப் நிமிடத்துக்கு 17 லிட்டர்தான் தருகிறது (பழைய டிராக்டர்கள் பலவற்றில் 15 முதல் 20 வரைதான் வரும்), அதனால் முன்னே போக 17 நொடி, திரும்பி வர 12 நொடிக்கு மேல், ஒரு சுற்றுக்குக் கிட்டத்தட்ட அரை நிமிடம்.

இதில் 125 மி.மீ. சிலிண்டர் போட்டால் பலம் 22 டன்னைத் தாண்டும், ஆனால் முன்னே போக மட்டும் 26 நொடி ஆகும். கட்டையை வைத்துவிட்டு ஆள் நின்று வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். ரிலீஃப் வால்வை (பிரஷர் அளவு மீறினால் ஆயிலைத் திருப்பிவிடும் வால்வு) முடுக்கி பிரஷரை ஏற்றுகிறேன் என்று ஸ்பேனரை எடுப்பதும் வேண்டாம். வேகம் துளியும் அதிகரிக்காது, பம்ப், ஹோஸ், சீல் எல்லாவற்றின் ஆயுளும் குறையும், டிராக்டர் கம்பெனி வைத்த அளவுக்கு மேல் போனால் லிஃப்ட் பம்பே போய்விடும்.

சரி, நிஜமான போட்டி இரண்டு வழிகளுக்கு நடுவில்தான். ஒன்று, டிராக்டரின் சொந்த ஹைட்ராலிக்கையே வைத்துக்கொண்டு அதைப் புத்திசாலித்தனமாகப் பயன்படுத்துவது. மற்றொன்று, பிடிஓ-வில் (எஞ்சின் சக்தியை வெளியே எடுக்க டிராக்டருக்குப் பின்னால் சுழலும் ஷாஃப்ட்) தனி பம்ப் போட்டு, தனி டேங்க் வைத்து, டிராக்டர் ஆயிலோடு உறவே இல்லாமல் ஓட்டுவது.

முதல் வழியில் புதிதாக வாங்க வேண்டியது குறைவு. ஆனால் இரண்டு விஷயங்களைக் கவனிக்காமல் விடுகிறார்கள். டிப்பர் லைன் என்பது ஒரு வழிப் பாதை. டிரெய்லரை ஆயில் தூக்கும், தன் எடையால் அது இறங்கும். நம் சிலிண்டருக்கு இரண்டு பக்கமும் ஆயில் போக வேண்டும், அதனால் மெஷினில் தனியாக ஒரு கண்ட்ரோல் வால்வும், அங்கிருந்து கியர்பாக்ஸ் ஹவுசிங்குக்கு நேராகப் போகும் தடித்த ரிட்டர்ன் ஹோஸும் கட்டாயம். ரிட்டர்னை ஒல்லியான ஏதோ ஒரு ஓட்டையில் செருகினால் பின்பிரஷர் ஏறி பிஸ்டன் தயங்கித் தயங்கி நகரும். லிஃப்ட் ஆர்ம் மேலேறாமல் ஆயிலை முழுதாக வெளி லைனுக்குத் திருப்பும் ஏற்பாடும் டிராக்டரில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது விஷயம் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. மாஸி ஃபெர்குசன் வகை டிராக்டர்களில் லிஃப்ட் பம்ப் பின் ஹவுசிங்குக்குள்ளேயே முழுகிக் கிடக்கிறது, கியர் ஆயிலும் ஹைட்ராலிக் ஆயிலும் ஒன்றேதான். விறகு மெஷினில் மரத்தூள், மண், வெல்டிங் பொடி எது உள்ளே போனாலும் அது நேராகக் கியருக்கும் பேரிங்குக்கும் போகும். வெல்டிங் முடித்த பைப்பைச் சுத்தமாகக் கழுவாமல் மாட்டிவிட்டு, பிறகு பல ஆயிரம் ரூபாய் கியர்பாக்ஸ் வேலை பார்ப்பதில் அர்த்தமே இல்லை. ரிட்டர்ன் லைனில் ஒரு ஃபில்டர் போடுங்கள், ராடு சிலிண்டரை விட்டு வெளியே வரும் இடத்தில் தூசியைத் துடைக்கும் நல்ல வைப்பர் சீல் போடுங்கள். புது சிலிண்டரும் ஹோஸும் நிரம்ப ஐந்தாறு லிட்டர் ஆயில் போகும் என்பதால் லெவலையும் மறுபடி பாருங்கள்.

இந்த வழியில் வேகத்தைக் கூட்ட ஒரு நல்ல உபாயம் இருக்கிறது, நம் ஊர்ப் பட்டறைகளில் அதிகம் பேசப்படாதது: ரீஜெனரேட்டிவ் வால்வு. பிஸ்டன் முன்னே போகும்போது ராடு பக்கத்து ஆயில் டேங்குக்குப் போகாமல் சுற்றி வந்து பின்பக்க ஆயிலோடு சேர்ந்துகொள்ளும். அப்போது பம்ப் நிரப்ப வேண்டியது ராடின் பருமன் அளவுதான். 100-க்கு 50 சிலிண்டரில் வேகம் நான்கு மடங்காகும், பலம் நான்கில் ஒன்றாக, மூன்றரை டன்னாக இறங்கும். ஆப்பு கட்டையைத் தொட்டுப் பிரஷர் ஏறியதும் வால்வு தானாகச் சாதா நிலைக்கு மாறி முழு 14 டன்னையும் கொடுக்கும். முழு பலம் தேவைப்படுவது பெரும்பாலும் முதல் விரிசல் விழும்வரைதான். 600 மி.மீ. ஓட்டத்தில் 150 மி.மீ. மட்டும் முழு பலத்தில் போனால், 17 நொடி ஏழெட்டு நொடியாகிவிடும்.

இதற்கும் நிபந்தனை உண்டு. ராடு பக்கத்திலிருந்து வெளியே வரும் 51 லிட்டரும் பம்ப்பின் 17 லிட்டரும் சேர்ந்து நிமிடத்துக்கு 68 லிட்டர் வேகத்தில் பின்பக்கப் போர்ட்டுக்குள் நுழைய வேண்டும். அரை இஞ்ச் ஹோஸ் போட்டால் அங்கேயே திணறும், முக்கால் இஞ்ச் வேண்டும், போர்ட்டும் அந்த அளவுக்கு இருக்க வேண்டும். ராடு 36 மி.மீ. என்று ஒல்லியாக இருந்தால் இந்த உபாயத்தை மறந்துவிடுங்கள், பலம் இரண்டு டன்னுக்கும் கீழே போய்விடும். திரும்பி வரும் 12 நொடியும் அப்படியேதான் இருக்கும். அதைக் குறைக்க எளிய வழி, பிஸ்டனை முழுதாகத் திரும்ப விடாமல் கட்டையின் நீளத்துக்கு ஒரு கை அகலம் அதிகமாக விட்டு நிறுத்துவது. ஒன்றரை அடிக் கட்டை பிளக்க இரண்டடி திரும்பி வரத் தேவையில்லை. காசு செலவில்லாத இந்த ஒரு பழக்கமே குறையைக் கொஞ்சம் தீர்க்கும்.

இப்போது பிடிஓ பம்ப். நிமிடத்துக்கு 40 லிட்டர் கொடுத்தால் முன்னே 7 நொடி, பின்னே 5 நொடிக்குக் கொஞ்சம் மேல். வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். 40 லிட்டர், 180 பார் என்றால் 12 கிலோவாட், பம்ப் இழப்பையும் சேர்த்தால் 19 ஹெச்.பி. வரை, 35 ஹெச்.பி. டிராக்டருக்கு இது சுமையே இல்லை.

சிக்கல் சுழற்சியில் இருக்கிறது. பிடிஓ ஓடுவது 540 ஆர்.பி.எம். சாதாரணக் கியர் பம்ப்கள் அதைப்போல மூன்று மடங்கு வேகத்தில் ஓடுவதை எண்ணிச் செய்யப்பட்டவை. ஒரு சுற்றுக்கு 25 சி.சி. ஆயில் தள்ளும் பம்ப்பை நேராக மாட்டினால் 13 லிட்டர்தான் வரும், அதாவது டிராக்டர் பம்ப்பைவிடக் குறைவு, காசு கொடுத்து மெதுவாக்கிக்கொண்ட கதை. ஆகவே ஒன்றுக்கு மூன்று என வேகம் கூட்டும் கியர்பாக்ஸ் வேண்டும், அல்லது 75 சி.சி.க்கு மேல் உள்ள பெரிய பம்ப்பை நேராகப் பிடிஓ-வில் மாட்டி, பம்ப்பின் உடல் சேர்ந்து சுற்றாதபடி ஓர் இரும்புக் கையைக் கொடுத்துச் செயினால் கட்ட வேண்டும். பெரிய பம்ப் எளிமையானது, ஆனால் விலையும் எடையும் கூடுதல். கியர்பாக்ஸோடு வருவது இங்கே எளிதாகக் கிடைக்கும், பழுது பார்க்க ஆளும் உண்டு. நான் கியர்பாக்ஸ் பக்கம்தான். பெல்ட் புல்லி போட்டுச் சமாளிப்பவர்களும் உண்டு, 19 ஹெச்.பி.யைத் தாங்கும்படி மூன்று நான்கு வரி பெல்ட் போட்டு இறுக்கும்போது பம்ப் ஷாஃப்ட் பக்கவாட்டில் இழுபட்டு பேரிங் சீக்கிரம் போகும்.

வாங்கும் முன் சுழலும் திசையைப் பாருங்கள். டிராக்டருக்குப் பின்னால் நின்று பார்த்தால் பிடிஓ வலஞ்சுழியாகச் சுற்றும். நேராக மாட்டும் பம்ப்பை அதன் ஷாஃப்ட் பக்கமிருந்து பார்த்தால் அது இடஞ்சுழி. நடுவில் ஒரு ஜோடி கியர் வந்தால் திசை மறுபடி மாறும். தவறான திசையில் ஓட்டினால் ஷாஃப்ட் சீல் முதல் நிமிடத்திலேயே பிய்ந்துகொள்ளும்.

டேங்க் 50, 60 லிட்டராவது இருக்கட்டும், 68 நம்பர் ஹைட்ராலிக் ஆயில் நம் வெயிலுக்குச் சரியாக வரும். டேங்கிலிருந்து பம்ப்புக்கு ஆயில் போகும் சக்ஷன் ஹோஸ் ஒன்றேகால் இஞ்ச், குட்டையாக, டேங்க் பம்ப்பைவிட உயரத்தில். இங்கேதான் பலர் காசை மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார்கள், பம்ப் கரகரவென்று கத்தி உள்ளே அரித்துப் போவதற்குக் காரணமும் பெரும்பாலும் இதுதான். பம்ப்புக்கும் கண்ட்ரோல் வால்வுக்கும் நடுவில், அல்லது வால்வுக்குள்ளேயே, ரிலீஃப் வால்வு இல்லாமல் பிடிஓ-வைப் போடவே கூடாது. அதை அமைக்கும்போது பிரஷர் கேஜ் மாட்டிப் பார்த்துத்தான் திருக வேண்டும், சத்தத்தை வைத்து அல்ல. கட்டை சிக்கி நின்ற பிறகும் லீவரை அழுத்திப் பிடித்திருந்தால் அந்த 12 கிலோவாட்டும் ஆயிலைச் சூடாக்கும், வீட்டு வெந்நீர் ஹீட்டர் நாலைந்தை டேங்குக்குள் போட்ட மாதிரி.

டூ ஸ்டேஜ் பம்ப் நல்லதா என்றும் கேட்கிறார்கள். அது அருமையான பொருள்தான், ஆனால் வேறு சிக்கலுக்கு. அமெரிக்காவில் விற்கும் 5, 6 ஹெச்.பி. பெட்ரோல் எஞ்சின் மெஷின்களுக்கு அதிக ஆயிலையும் அதிக பிரஷரையும் ஒரே நேரத்தில் கொடுக்கச் சக்தி கிடையாது. அதனால் சுமையில்லாதபோது இரண்டு கியர் ஜோடியும், பிரஷர் ஏறியதும் சின்ன ஜோடி மட்டும் வேலை செய்யும்படி அமைத்தார்கள். அந்த எஞ்சின்கள் ஓடுவதும் 3,000 ஆர்.பி.எம்-க்கு மேலே. டிராக்டரில் சக்தி வேண்டிய அளவு இருக்கிறது, சுழற்சிதான் குறைவு. ஆறு மடங்கு வேகம் கூட்டி அதை ஓட்டுவதற்குச் சாதா பம்ப்பே மேல்.

என் தீர்ப்பு: சொந்தத் தோட்டத்து மரத்தை வருஷத்தில் சில நாட்கள் பிளப்பவருக்கு டிராக்டர் ஹைட்ராலிக்கே போதும், தடித்த ரிட்டர்ன், ஃபில்டர், ரீஜெனரேட்டிவ் வால்வு, பிஸ்டனை முழுதாகத் திரும்ப விடாத பழக்கம், இவ்வளவுதான். டீ ஃபேக்டரிக்கோ சாயப்பட்டறை பாய்லருக்கோ தினமும் லோடு லோடாக அனுப்புகிறவர் யோசிக்காமல் பிடிஓ பம்ப்புக்குப் போகலாம், ரீஜெனரேட்டிவ் வால்வு அவருக்குத் தேவையில்லை, 160 லிட்டர் ஓட்டத்துக்கு ஹோஸ் போடுவது வீண்.

எந்த வழியானாலும் பிடிஓ ஷாஃப்டுக்குக் கவர் போட்டுவிடுங்கள். லுங்கி, வேட்டி, தோளில் துண்டு போட்டுக்கொண்டு வேலை செய்யும் இடத்தில் இது பேச்சுக்கு இடமில்லாதது. முன்னே தள்ளும் லீவர் கையை எடுத்ததும் தானாக நடுவுக்கு வர வேண்டும். ஹோஸில் ஊசிமுனைக் கசிவு தெரிந்தால் கையால் தடவாதீர்கள், அட்டையைப் பிடித்துப் பாருங்கள். 180 பாரில் ஆயில் தோலுக்குள் புகுந்தால் மேலே சின்னப் புள்ளிதான் தெரியும், வலிக்காமல்கூட இருக்கலாம், ஆனாலும் உடனே அறுவை சிகிச்சை வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குப் போய், பிரஷரில் ஆயில் ஏறியது என்று சொல்லியே காட்ட வேண்டும்.