அட்டையில் விடுபட்டிருந்த ஒரு வரி

கும்பகோணத்தில் ஒரு திருமண மண்டபத்தில் "மாத்திரை இல்லாமல் கொலஸ்ட்ராலைக் குறைப்போம்" என்ற பெயரில் நடந்த முகாமுக்குக் கடந்த வைகாசியில் போனேன்; மூன்று மாதத் திட்டத்துக்கு 18,500 ரூபாய் கட்டினேன். அதே ஆட்கள் அடுத்து மயிலாடுதுறைக்கும் திருவாரூருக்கும் வருவதாகச் சுவரொட்டி ஒட்டியிருப்பதைப் பார்த்த பிறகுதான், வெட்கத்தை விட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

எனக்கு வயது 51. திருவையாற்றுக்குப் பக்கத்தில் கொஞ்சம் நிலம், கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர் வேலை. பரிசோதனையில் மொத்தக் கொலஸ்ட்ரால் 256, கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்.டி.எல். 158, நல்லது எனப்படும் எச்.டி.எல். 36, இரத்தத்தில் ஓடும் இன்னொரு கொழுப்பான டிரைகிளிசரைடு 310 என்று வந்தது. பார்த்த மருத்துவர் இரவில் போட்டுக்கொள்ள, கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகை மாத்திரையான அட்டோர்வாஸ்டாட்டின் 20 மில்லிகிராம் எழுதிக் கொடுத்தார். எதற்கு, எத்தனை நாளைக்கு என்று கேட்க வாயெடுப்பதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள். அவர் அன்று பத்து நிமிடம் ஒதுக்கியிருந்தால் நான் மண்டபத்தின் படியை மிதித்திருக்க மாட்டேன் என்று இப்போதும் தோன்றுகிறது.

முகாமில் பேசியவர் மருத்துவர் அல்லர். ஆனால் கழுத்தில் ஸ்டெதஸ்கோப் இருந்தது. அந்த மாத்திரை தசையைக் கரைக்கும், நினைவாற்றலைத் தின்றுவிடும் என்று அவர் அரை மணி நேரம் பயமுறுத்தினார். ஒரு மாதமாகப் போட்டுவந்த மாத்திரையை அன்றிரவே நிறுத்தினேன். என் அப்பா 54 வயதில் மாரடைப்பால் இறந்தவர் என்பதை அவர்கள் கேட்கவில்லை; கேட்காததால் நானும் சொல்லவில்லை. சேர்க்கைப் படிவத்தில் எடை, இடுப்புச் சுற்றளவு, கைப்பேசி எண் ஆகிய மூன்றுக்கு மட்டுமே இடம் இருந்தது.

அவர்கள் திட்டப்படி சோறு, இட்லி, பழம் எல்லாம் நின்றன. காலையில் வெண்ணெய் போட்ட காபி, மதியம் நெய்யில் வதக்கிய கறி, இரவு தேங்காயெண்ணெயில் பொரித்த முட்டை என்று ஆயிற்று. மேட்டூர் திறந்து குறுவை நடவு நடக்கும் நாள்களில், வயலுக்கு வந்த சாப்பாட்டுத் தூக்கைத் திறக்காமல் பாதாம் பருப்பைக் கொறித்துக்கொண்டிருந்த என்னை ஊரே வேடிக்கை பார்த்தது. பலன் இல்லை என்று சொல்ல மாட்டேன். எடை 78 கிலோவிலிருந்து 70 ஆயிற்று, டிரைகிளிசரைடு 140-க்கு இறங்கியது, எச்.டி.எல். 45-க்கு ஏறியது. மாவுச்சத்தைக் குறைத்தால் டிரைகிளிசரைடு குறைவது வழக்கமாக நடப்பதுதான். அந்த உண்மையை முன்னால் நிறுத்தித்தான் மற்றதை மறைத்தார்கள்.

இரத்தத்தை அவர்களே எடுத்து ஓர் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். எனக்கு வந்தது ஆய்வகத்தின் தாள் அன்று, அவர்கள் தட்டச்சு செய்த வழவழப்பான அட்டை. "டிரைகிளிசரைடு, எச்.டி.எல். விகிதம் 8.6-இலிருந்து 3.1" என்று அதில் பச்சை மையில் எழுதியிருந்தது. எல்.டி.எல். என்ற வரியே இல்லை. கேட்டபோது, "அது உங்களுக்குக் குழப்பமாக இருக்கும்" என்றார்கள். ரசீதில் இருந்த மாதிரி எண்ணைக் கொண்டு ஆய்வகத்துக்கே நேரில் போய் மூலத்தாளை வாங்கினேன். எல்.டி.எல். 238.

தாளுடன் திரும்பிப் போனால் பதில்களைத் தயாராக வைத்திருந்தார்கள். நேராக அளக்காமல், மற்ற எண்களை வைத்துக் கணக்குப் போட்டுச் சொல்லும் எல்.டி.எல். தவறாக வரும் என்றார்கள். டிரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் அந்தக் கணக்கு பிசகும் என்பது மெய்; என்னுடையதோ 140. உங்களுடையது பெரிய, பஞ்சு போன்ற எல்.டி.எல்., தீங்கு செய்யாது என்றார்கள். அந்தத் துகள்களின் எண்ணிக்கையைக் காட்டும் அப்போ-பி பரிசோதனையைப் பிறகு செய்து பார்த்ததில் 164 வந்தது; துகள்கள் பெரியவையோ சிறியவையோ, மிக அதிகமாக இருந்தன.

தஞ்சாவூரில் பார்த்த வேறொரு மருத்துவர்தான் நடந்ததை விளக்கினார். கல்லீரல் செல்களின் மேல் உள்ள ஏற்பிகள் எல்.டி.எல்.லை இரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்கின்றன. அவற்றை மதகு என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றார். நெய், வெண்ணெய், தேங்காயெண்ணெய் ஆகியவற்றில் உள்ள பூரிதக் கொழுப்பு அந்த மதகுகளைக் குறைக்கிறது. ஸ்டாட்டின் மாத்திரை கல்லீரல் தானே கொலஸ்ட்ரால் தயாரிப்பதைத் தடுத்து, மதகுகளைக் கூட்ட வைக்கிறது. திறக்கும் மருந்தை நிறுத்திவிட்டு மூடும் உணவைப் பெருக்கினால் வாய்க்காலில் தண்ணீர் எங்கே போகும்?

அவர்கள் விற்ற மாத்திரைக் குப்பியையும் அவரிடம் காட்டினேன். சிவப்பு ஈஸ்ட் அரிசி என்று அதில் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தது. பூஞ்சை வளர்த்துச் சிவக்க வைத்த அந்த அரிசியில் இயல்பாக உண்டாகும் மோனகோலின்-கே என்ற பொருள், 1987-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற லோவாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டின் மருந்தேதான் என்று சொல்லிச் சிரித்தார். ஸ்டாட்டின் நஞ்சு என்று நிறுத்தச் சொன்னவர்கள், எவ்வளவு இருக்கிறது என்று அளவு போடாத ஸ்டாட்டினை எனக்கே விற்றிருக்கிறார்கள். சோற்றைத் தொடக்கூடாது என்றவர்கள் குப்பிக்குள் விற்றது அரிசி!

என்னோடு சேர்ந்த பாபநாசத்துக்காரர் ஒருவர் சர்க்கரைக்குக் கிளிமிபிரைடு போட்டுக்கொண்டிருந்தவர். அரிசியை நிறுத்திய அவரிடம், அந்த மாத்திரையின் அளவை மருத்துவரைக் கேட்டுக் குறைக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நான்காம் நாள் இரத்தச் சர்க்கரை மிகவும் இறங்கி, வயல் வரப்பில் வியர்த்து விழுந்தார். பக்கத்தில் நின்றவர் தேநீர்க் கடையிலிருந்து சர்க்கரைத் தண்ணீர் வாங்கி வந்து கொடுத்ததால் பிழைத்தார்.

புதிய மருத்துவர், கொலஸ்ட்ராலை ஏற்றக்கூடிய தைராய்டு குறைபாடு இல்லை என்பதை முதலில் உறுதி செய்தார். அப்பாவின் மாரடைப்பைக் கேட்டுக் குறித்துக்கொண்ட பிறகு, மாத்திரையைத் தொடர்வதே நல்லது என்று தான் நினைப்பதற்கான காரணத்தைச் சொல்லி, முடிவை என்னிடம் விட்டார். தசைவலி பயத்தையும் கேட்டேன். வலி வந்தால் உடனே வரச் சொன்னார். 2020-இல் வெளியான ஓர் ஆய்வில், ஸ்டாட்டினால் வந்ததாக நோயாளிகள் சொன்ன தொல்லைகளில் பெரும்பகுதி மருந்தே இல்லாத வெற்று மாத்திரை போட்ட மாதங்களிலும் வந்ததையும் சொன்னார். மதியம் ஒரு கரண்டிச் சோறு, நிறையக் கீரை, மீன் குழம்பு, மாலையில் சுண்டல், அளவாகக் கடலை எண்ணெய் என்று உணவு மாறியது. எட்டு வாரத்தில் எல்.டி.எல். 92, டிரைகிளிசரைடு 150. எடை ஒரு கிலோ கூடியது.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "பலன் ஆளுக்கு ஆள் மாறும்" என்ற வரியின் கீழ் நான் போட்ட கையெழுத்தைக் காட்டினார்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்திருக்கிறேன். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம், அங்கே ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. அவர்களின் அட்டை, ஆய்வகத்தின் தாள், மீதமுள்ள குப்பி மூன்றையும் ஓர் உறையில் போட்டு வைத்திருக்கிறேன். அந்த முகாமில் உங்களுக்கும் இப்படி ஓர் அட்டை கொடுத்திருந்தால், ரசீதோடு ஆய்வகத்துக்குப் போய் மூலத்தாளை வாங்கிப் பாருங்கள்.