மர அடிச்சட்டமா, எஃகு அடிச்சட்டமா: ரியோ கிராண்டே குறும்பாதைச் சரக்கு வேகன்கள்

கொலராடோ மலைகளில் 3 அடி அகலக் குறும்பாதையில் வண்டி ஓட்டிய டென்வர் அண்ட் ரியோ கிராண்டே ரயில் நிறுவனம், 1904இல் 30 அடி நீளமுள்ள, 3000 முதல் எண்ணிடப்பட்ட வரிசைப் பெட்டி வேகன்களை வாங்கியது. 50,000 பவுண்டு சரக்கேற்றும் அவ்வேகன்களின் அடிச்சட்டம் மரத்தால் ஆனது. அப்போதே எஃகு அடிச்சட்டம், 4 அடி 8½ அங்குல அகல நியமப் பாதை வேகன்களில் பரவத் தொடங்கியிருந்தது.

மர அடிச்சட்டத்தின் உயிர், ட்ரஸ் ராடு எனப்படும் இழுகம்பிகளில் இருக்கிறது. நீளவாட்டில் கிடக்கும் மர விட்டங்களுக்கு அடியில், ஒரு முனையிலிருந்து புறப்படும் கம்பி, போகிக்கு (சக்கரத் தொகுதிக்கு) மேலுள்ள குறுக்கு உத்தரத்தைத் தாண்டி, நடுவே தாழ இறங்கி, இரண்டு முட்டுகளின் கீழாகச் சென்று மறுமுனையில் நட்டால் இறுக்கப்படுகிறது. சரக்கின் பாரத்தால் விட்டங்கள் தொய்ய முயலும்போது கம்பி இழுபட்டு, முட்டுகள் வழியாக நடுப்பகுதியை மேலே தள்ளுகிறது. மரம் காய்ந்து சுருங்கித் தளர்வு ஏற்பட்டால், கம்பியின் நடுவிலுள்ள டர்ன்பக்கிள் என்ற திருகு இணைப்பானைத் திருகினாலே போதும். சில கம்பிகளையும் மரத்தையும் கொண்டு இவ்வளவு பாரத்தைச் சுமக்க வைத்த அந்தக் கணிப்பு எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

ஆயினும் கம்பி தாங்குவது செங்குத்துப் பாரத்தை மட்டுமே. இஞ்சின் இழுக்கும்போதும் வேகன்கள் ஒன்றோடொன்று முட்டும்போதும் எழும் விசையை, நடு விட்டங்களுக்குக் கீழே போல்ட்டால் பிணைத்த துண்டு மரங்களே வாங்கின. போல்ட்டுத் துளைகள் நாளடைவில் நீண்டு அகன்றன. இறுக்கிய கம்பி ஏற்கெனவே நெருக்கி வைத்திருக்கும் விட்டத்தின்மேல் முட்டல் விசையும் சேர்ந்தது. எஃகு நடுவிட்டம் முனைக்கு முனை ஒரே உறுப்பாக அவ்விசையைக் கடத்திவிடும். இந்த ஒரு கூறில் மரம் எஃகுக்கு ஈடாகாது.

பென்சில்வேனியாவின் ஈஸ்ட் பிராட் டாப், இதே 3 அடி அகலத்தில் நிலக்கரி சுமந்த பாதை. அது 1913 முதல் முழு எஃகு வேகன்களுக்கு மாறியது. ஓயாத கனச் சரக்கு அச்செலவை நியாயப்படுத்தியது. ரியோ கிராண்டேயிலோ மரவேலை தெரிந்த பணிமனை இருந்தது. குறும்பாதை வேகன்கள் நியமப் பாதையில் கலந்து ஓடாததால், மர அடிச்சட்டத்துக்கு அங்கு விதிக்கப்பட்ட கட்டுப்பாடுகளும் அவற்றைத் தொடவில்லை. கும்ப்ரெஸ் கணவாயின் 4 விழுக்காட்டு ஏற்றத்தில் வேகனின் சொந்த எடை குறைவதும் ஆதாயமே. நீண்ட, கனத்த சரக்குக்கு மட்டும், பழைய நியமப் பாதை வேகன்களின் எஃகுச் சட்டங்களைக் கொண்டு 6500 முதல் எண்ணிடப்பட்ட வரிசைத் தட்டை வேகன்களை அது உருவாக்கிக்கொண்டது.

ஆகவே அப்பாதைக்கு மரமே பொருத்தமான தேர்வு என்பது என் முடிவு. இன்று பழைய வேகன்களைப் புதுப்பிப்போர் உள்ளே எஃகை மறைத்து வைத்துக் கம்பிகளைத் தோற்றத்துக்காகத் தொங்கவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. அக்கம்பிகள் இழுபட்டு நிற்க வேண்டும்.