கலிபோர்னியா பாட்டில் டெபாசிட்: சின்ன ஒயின் ஆலைகளுக்கு எப்படி இருக்கிறது?

பானம் வாங்கும்போது பாட்டிலுக்குச் சிறு தொகை கூடுதலாகக் கட்டி, காலி பாட்டிலைத் திருப்பித் தரும்போது திரும்பப் பெறுவதுதான் பாட்டில் டெபாசிட். கலிபோர்னியாவில் இதற்கான சட்டம் 1986இல் வந்தது. ஒயினும், விஸ்கி, பிராந்தி போன்ற ஸ்பிரிட்டும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அதற்கு வெளியே நின்றன. எஸ்பி 1013 என்ற சட்டம் 2022இல் நிறைவேறியதால் 2024 ஜனவரி 1 முதல் அவையும் உள்ளே வந்துவிட்டன. திட்டத்தை நடத்துவது கால்ரீசைக்கிள் என்ற மாநிலத் துறை. வசூலாகும் டெபாசிட் தொகைக்கு சிஆர்வி (கலிபோர்னியா ரிடெம்ப்ஷன் வேல்யூ) என்று பெயர். சின்ன ஆலையின் கணக்கு மேசையிலிருந்து பார்த்தால், தொகை நியாயமானது, விதிகளும் தெளிவானவை. இடறுவதெல்லாம் 'யார் கட்டுவது' என்ற ஒரே இடத்தில்தான்.

முதலில் தொகை. 24 அவுன்ஸுக்குக் குறைவான கலத்துக்கு 5 சென்ட், 24 அவுன்ஸும் அதற்கு மேலும் இருந்தால் 10 சென்ட். 24 அவுன்ஸ் என்றால் சுமார் 710 மில்லி. ஆகவே வழக்கமான 750 மில்லி பாட்டிலுக்கு 10 சென்ட், 12 பாட்டில் பெட்டிக்கு 1.20 டாலர். 375 மில்லி அரைப் பாட்டிலுக்கும் 500 மில்லி இனிப்பு ஒயினுக்கும் 5 சென்ட்தான். 1.5 லிட்டர் மேக்னம் இரண்டு பாட்டில் கொள்ளும் என்றாலும் 10 சென்ட்டோடு சரி. அட்டைப்பெட்டிக்குள் பை வைத்து வரும் ஒயினுக்கும் பவுச்சுக்கும் அளவு எதுவானாலும் 25 சென்ட். பில்லிங் மென்பொருளில் எல்லாச் சரக்குக்கும் ஒரே 10 சென்ட் என்று போட்டு வைப்பது மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை. சின்ன பாட்டில் வாங்குபவரிடம் கூடுதலாக வாங்குவீர்கள், பெட்டி ஒயினுக்குக் குறைவாகக் கட்டுவீர்கள்.

இனி 'யார் கட்டுவது' என்ற அந்தச் சிக்கலான கேள்வி. தமிழ்நாட்டில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் வாங்கும் திட்டத்தில் இது எழாது. விற்பது டாஸ்மாக் ஒன்றுதான். கலிபோர்னியாவிலோ, மாநிலத்துக்குள் கடைக்கோ நுகர்வோருக்கோ முதலில் விற்பவரே 'விநியோகஸ்தர்'. சிஆர்வியை அரசுக்குக் கட்ட வேண்டியவர் அவர்தான். மொத்த வியாபாரி மூலம் சரக்கு போனால் அவர் கட்டுவார். ஆலையிலேயே சுவைத்துப் பார்த்து வாங்கும் சுவைக்கூடத்திலோ, உறுப்பினர்களுக்கு அனுப்பும் ஒயின் கிளப்பிலோ, இணையத்திலோ, நேரடியாக உணவகத்துக்கோ நீங்களே விற்றால் விநியோகஸ்தர் நீங்கள்தான். பெரும்பாலான சின்ன ஆலைகள் இரண்டு வழியிலும் விற்பதால் உற்பத்தியாளர், விநியோகஸ்தர் என்று இரண்டு பொறுப்பிலும் பதிவு செய்ய வேண்டும். மொத்த வியாபாரி எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட்டால், சுவைக்கூட விற்பனை முழுவதும் கணக்கில் விடுபட்டுப் போகும். கலிபோர்னியா வீடுகளுக்கு அனுப்பும் ஆரெகன், வாஷிங்டன் ஆலைகளுக்கும் இதே விதிதான்.

உற்பத்தியாளர் என்ற முறையில் வேறொரு செலவும் உண்டு: செயலாக்கக் கட்டணம். கண்ணாடியை மறுசுழற்சி செய்ய ஆகும் செலவுக்கும் அதைப் பழைய பொருளாக விற்றால் கிடைக்கும் விலைக்கும் உள்ள இடைவெளியை நிரப்ப இது வாங்கப்படுகிறது. பொருளுக்குப் பொருள் விகிதம் மாறும். சிஆர்வி வாடிக்கையாளரிடம் வாங்கிக் கட்டுவது, இதுவோ உங்கள் கைக்காசு. இரண்டையும் ஒரே வரியில் எழுதும் கணக்குப் புத்தகம் ஆண்டு முடிவில் குழம்பித்தான் நிற்கும்.

அறிக்கைகள் டோரிஸ் என்ற இணைய அமைப்பு வழியாகப் போகின்றன. விற்ற மாதத்துக்கு அடுத்த மாதத்தின் கடைசி நாளுக்குள் சிஆர்வியைக் கட்ட வேண்டும். நிர்வாகச் செலவுக்காக 1.5 சதவீதத்தை விநியோகஸ்தர் வைத்துக்கொள்ளலாம். 750 மில்லி பாட்டில் 10,000 விற்றால் வசூல் 1,000 டாலர், உங்களுக்கு 15, அரசுக்கு 985. செய்யும் வேலைக்கு இந்த 15 டாலர் போதாது என்றே சொல்ல வேண்டும். ஆனால் பலரும் கவனிக்காத ஒரு சலுகை இருக்கிறது. ஆண்டு சிஆர்வி 75,000 டாலருக்குக் கீழே இருக்கும் என்று மதிப்பிட்டால், துறை ஏற்றுக்கொள்ளும்பட்சத்தில், ஆண்டுக்கு ஒரே தடவை, அடுத்த பிப்ரவரி 1க்குள் கட்டலாம். 75,000 டாலர் என்றால் 62,500 பெட்டிகள்! சின்ன ஆலை எதுவும் அந்த எல்லையை நெருங்காது. மாதாமாதம் திண்டாடுவதை விட முதலில் இதைக் கேட்டு வாங்குங்கள்.

பில்லில் சிஆர்வி தனி வரியாக வர வேண்டும். ஒயினுக்கு விற்பனை வரி உண்டு என்பதால் சிஆர்விக்கும் அந்த வரி உண்டு; வரி கணக்கிட்ட பிறகு கடைசியில் சிஆர்வியைச் சேர்க்கும் மென்பொருள் தவறாகக் கணக்கிடுகிறது. நெவாடா முகவரிக்கு அனுப்பும் பெட்டிக்குச் சிஆர்வி கிடையாது. அதே நெவாடாக்காரர் கலிபோர்னியாவின் நாபாவில் நேரில் வாங்கிக் காரில் ஏற்றினால் உண்டு.

லேபிளில் 'சிஏ சிஆர்வி', 'சிஏ கேஷ் ரிஃபண்ட்' போல அனுமதித்த வாசகங்களில் ஒன்று இருக்க வேண்டும். ஒயினுக்கு இதற்கான கெடு 2025 ஜூலை 1. 2024க்கு முன் நிரப்பி லேபிள் ஒட்டிய பாட்டில்களுக்கு இந்த விதி இல்லை. கேபர்நே என்ற சிவப்பு ஒயினை நிலவறையில் பல ஆண்டு வைத்து விற்கும் ஆலைகளுக்கு இது பெரிய நிம்மதி. ஆனால் விலக்கு லேபிளுக்கு மட்டும்தான். அந்தப் பாட்டிலை இன்று விற்றாலும் 10 சென்ட் கட்டியே ஆக வேண்டும். டெபாசிட் வாசகத்தைச் சேர்ப்பதற்காக மத்திய லேபிள் ஒப்புதலைப் புதிதாக வாங்க வேண்டியதில்லை. அனுமதி இல்லாமலே செய்யக்கூடிய மாற்றங்களின் பட்டியலில் இதுவும் இருக்கிறது.

திட்டத்தின் உண்மையான குறை நுகர்வோர் பக்கத்தில். காலி பாட்டிலைக் கொடுத்து டெபாசிட்டைத் திரும்பப் பெறும் மையங்கள் குறைந்துவிட்டன; 2019 ஆகஸ்டில் ரீபிளானெட் நிறுவனம் தன் 284 மையங்களையும் மூடியது பெரிய அடி. இருக்கும் மையத்தில் கண்ணாடி, அலுமினியம் என ஒரு பொருள் வகைக்கு 50 கலம் வரை எண்ணிக்கைப்படி பணம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கேட்காவிட்டால் எடை போடுவார்கள். ஒயின் பாட்டில் கனமானது என்பதால் எண்ணிக்கை, எடை இரண்டில் எது லாபம் என்று பார்த்துவிட்டுக் கேளுங்கள். தெருவோரத் தொட்டியில் போட்டால் அந்த 10 சென்ட் தொட்டியை எடுப்பவருக்குப் போகும்.

வெளிமாநிலங்களுக்கும் விற்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மெய்ன் மாநிலத்தில் ஒயினுக்கு 15 சென்ட், அயோவாவில் 5. ஆரெகன் 2025 ஜூலை முதல் கேன் ஒயினை மட்டும் சேர்த்திருக்கிறது, பாட்டிலை அல்ல. பின் லேபிளை மறுபடி அச்சிடும்போது இந்த மாநில வாசகங்களையும் சேர்த்தே வடிவமைத்துவிட்டால் அச்சுச் செலவு ஒரே தடவையோடு முடியும்.