ஒரு குடும்பச் சட்ட நிறுவனத்துடன் 15 மாதங்கள்

2023 ஏப்ரல் முதல் 2024 ஜூலை வரை, என்னுடைய விவாகரத்து, அதனோடு வந்த சொத்துப் பிரிப்பு, இரண்டு பிள்ளைகளும் யாருடைய வீட்டில் எத்தனை நாள் இருப்பது என்ற ஏற்பாடு ஆகியவற்றுக்காக வடமேற்கு இலண்டனில் உள்ள ஒரு சிறிய குடும்பச் சட்ட நிறுவனத்தின் வாடிக்கையாளராக இருந்தேன். குறை சொல்லும் இடங்களும் இதில் உண்டு. பிள்ளைகளின் தகப்பனும் இதே வட்டாரத்தில்தான் வசிக்கிறார். ஆகையால் நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. நம்மவர்களிடம் சட்டத்தரணியைப் பற்றி விசாரித்தால் "எவ்வளவு எடுப்பார்" என்பதற்கு மட்டும் பதில் கிடைக்கிறது. எதற்காக எடுப்பார், எதற்காக எடுக்க விடக்கூடாது என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

இவர்களிடம் போவதற்கு முன், உறவினர் ஒருவர் அனுப்பிய வேறொரு அலுவலகத்தில் அரை மணி நேர இலவச ஆலோசனைக்குப் போயிருந்தேன். அங்கே இருந்தவர் என் கணவர் குடிப்பாரா, வேறு தொடர்பு உண்டா என்று துருவித் துருவிக் கேட்டு, எல்லாவற்றையும் எழுதி வைத்தால் விவாகரத்துக் கேஸ் பலமாக இருக்கும் என்றார். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2022 ஏப்ரல் 6ஆம் திகதியிலிருந்து விவாகரத்துக்கு யாருடைய குற்றத்தையும் காட்டத் தேவையில்லை. திருமணம் மீளமுடியாமல் முறிந்துவிட்டது என்ற ஒரு கூற்றே போதும். குடும்ப வன்முறை இருந்தால் அதைக் கேட்டறிய வேண்டியது அவசியம். பாதுகாப்பு ஆணைக்கும், பிள்ளைகள் விடயத்துக்கும், அரச சட்ட உதவி கிடைப்பதற்கும் அது முக்கியம். என் வீட்டில் அது இல்லை என்று தெளிவாகச் சொன்ன பிறகும் தொடர்ந்த அந்தக் கேள்விகளுக்கு ஒரே ஒரு பயன்தான் எனக்குத் தெரிந்தது: கடிதங்களின் எண்ணிக்கை கூடும்.

இரண்டாவதாகப் போன இந்த நிறுவனத்தில், ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் சொலிசிட்டர் முதல் பத்து நிமிடத்திலேயே, விவாகரத்து விண்ணப்பத்தை நீங்களே அரசாங்க இணையத்தளத்தில் நிரப்புங்கள், அதற்கு எனக்குப் பணம் தர வேண்டாம் என்றார். அப்போது நீதிமன்றக் கட்டணம் 593 பவுண். விண்ணப்பம் பதிவான நாளிலிருந்து 20 வாரம் கழிந்தால்தான் விவாகரத்தின் முதற்கட்டமான நிபந்தனை ஆணை கேட்கலாம், அது கிடைத்து ஆறு வாரமும் ஒரு நாளும் கழிந்தால்தான் திருமணத்தைச் சட்டப்படி முடிக்கும் இறுதி ஆணை கேட்கலாம், நான் தலையிட்டால் அந்த நாட்கள் குறையப் போவதில்லை என்று அவர் சொன்னார். தன் வருமானத்தில் ஒரு பகுதியைத் தானே வேண்டாம் என்றவரைத்தான் நான் தெரிவு செய்தேன்.

அவர் தமிழர் அல்ல. வேண்டுமென்றேதான் அப்படித் தேடினேன். தமிழ் அலுவலகத்துக்குப் போனால் கதை கோயில் வாசல் வரை போய்விடும் என்ற பயம். சொலிசிட்டர்கள் எல்லோரும் ஒரே ஒழுங்குமுறை ஆணையத்தின் கீழ், ஒரே இரகசியக் காப்பு விதிக்குக் கட்டுப்பட்டவர்கள் என்பதால், அந்தப் பயம் நியாயமற்றது என்று இப்போது நினைக்கிறேன். அதற்கு ஒரு விலையும் கொடுத்தேன். வீட்டிலுள்ள நகைகளின் பட்டியலை ஆங்கிலத்தில் எழுதி அனுப்பியபோது, தாலிக்கொடி 11 பவுண் என்பதை எங்கள் வழக்கப்படியே எழுதிவிட்டேன். ஒரு பொருள் தனியாக 500 பவுணுக்கு மேல் பெறுமதியானால் மட்டுமே படிவத்தில் காட்ட வேண்டும், 11 பவுண் சங்கிலியை எதற்காகச் சேர்த்தீர்கள் என்று அவரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. எட்டுக் கிராம் கொண்டது எங்கள் பவுண், அது உங்கள் பணமல்ல என்று நான் விளக்கி எழுத, அதை அவர் வாசிக்க, இரண்டுக்கும் கட்டணம் ஏறியது.

அந்தக் கட்டணக் கணக்கைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அவருடைய ஒரு மணி நேரக் கட்டணம் 260 பவுண், அதன்மேல் 20 வீதம் வாட் வரி. மணித்தியாலத்தை ஆறு நிமிடங்கள் கொண்ட பத்து அலகுகளாகப் பிரித்து வைத்திருப்பார்கள். "நன்றி, கிடைத்தது" என்ற ஒரு வரி மின்னஞ்சலை வாசித்தாலும் அது ஓர் அலகு, வரியோடு 31 பவுண் 20 பென்ஸ். முதல் மாதத்தில் தூக்கம் வராத இரவுகளில் தோன்றியதையெல்லாம் எழுதி அனுப்பினேன். மாத முடிவில் வந்த விபரப் பட்டியலில் 23 மின்னஞ்சல்கள் வரிசையாக நின்றன, 717 பவுண் 60 பென்ஸ். இது முதல் நாள் கையொப்பமிட்ட வாடிக்கையாளர் கடிதத்தின் நான்காம் பக்கத்திலேயே இருந்ததால் ஏமாற்றினார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கண்ணீரோடு உட்கார்ந்திருக்கும் ஒருவர் நான்காம் பக்கத்தை வாசிப்பார் என்று எதிர்பார்ப்பதும் சரியல்ல. வாயால் ஒரு தடவை சொல்லியிருக்கலாம். அதன் பிறகு சமையலறையில் ஒரு கொப்பி வைத்து, கேள்விகளை அதில் எழுதி, வெள்ளிக்கிழமைகளில் எல்லாவற்றையும் ஒரே மின்னஞ்சலாக அனுப்பினேன். பாதிக் கேள்விகள் வெள்ளிக்கு முன்பே தாமாக வெட்டுப்பட்டன.

அவர் தன் கூலிக்கு உண்மையாக உழைத்த இடம் சொத்து விபரம் காட்டும் ஈ படிவம் (Form E). கடந்த 12 மாத வங்கிக் கூற்றுகள், வீட்டின் பெறுமதி, அடமானத்தில் மிச்சம், ஓய்வூதியத்தின் மாற்றுப் பெறுமதி (அதை வேறொரு திட்டத்துக்கு மாற்றினால் அதற்குப் போடப்படும் விலை), கடன்கள், உலகில் எங்கிருந்தாலும் உள்ள சொத்துகள் என்று அது கேட்காத ஒன்றில்லை. என் கணவரும் நானும் நீதிமன்றத்துக்குப் போகாமல், விரும்பி ஒருவருக்கொருவர் படிவங்களைப் பரிமாறிக்கொண்டோம். அவருடைய கூற்றுகளில் ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை 500 பவுண் காசாக எடுக்கப்பட்டிருந்ததைப் பென்சிலால் வட்டமிட்டு, இது என்ன என்று சொலிசிட்டர் கேட்டார். சீட்டு என்றேன். எங்கள் சனத்துக்குச் சீட்டை விளங்கப்படுத்தத் தேவையில்லை. அவருக்கோ ஒரு தாளில் வட்டம் கீறி, இருபது பேரையும் இருபது மாதங்களையும் போட்டுக் காட்ட வேண்டியிருந்தது. கவனமாகக் கேட்டுவிட்டு அவர் கேட்ட கேள்வி: "அவர் தன் முறையை எடுத்துவிட்டாரா?" எடுக்கவில்லை என்றால் அது அவருக்கு வர வேண்டிய பணம், எடுத்துவிட்டார் என்றால் அவர் கட்ட வேண்டிய கடன். எடுக்கவில்லை என்று தெரியவந்து, கட்டிய தொகை சொத்துப் பக்கத்தில் ஏறியது.

அதே படிவம் என்னையும் சோதித்தது. திருமணத்தின்போது சீதனமாக என் பெயரில் எழுதிய இரண்டு பரப்புக் காணி யாழ்ப்பாணத்தில் இருக்கிறது. அதைப் போடாதே, இங்கே யாருக்குத் தெரியும் என்று அண்ணா சொன்னார். நான் அரை மனதோடு அதைச் சொலிசிட்டரிடம் கேட்டபோது, அவர் பேனையை மேசையில் வைத்துவிட்டு, அப்படி ஒன்று இருக்கிறது என்று எனக்குச் சொல்லிவிட்டு அதை மறைக்கச் சொன்னால் உங்களுக்காக நான் தொடர்ந்து வேலை செய்ய முடியாது என்றார். படிவத்தின் கடைசியில் உண்மை என்று உறுதியளித்துக் கையொப்பம் இடுகிறோம். பின்னர் மறைப்பு வெளிப்பட்டால் முடிந்த சொத்துப் பிரிப்பு ஆணையையே மீண்டும் திறக்கலாம் என்பதை 2015 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இரண்டு வழக்குகளில் உறுதிப்படுத்தியது. அந்த இரண்டிலும் மறைத்தவர்கள் கணவர்மார். காணியைக் காட்டினோம். பெற்றோரிடமிருந்து வந்தது, குடும்பத் தேவைக்குப் பயன்படாதது, கணவர் அதில் ஒரு சதமும் போடாதது என்று ஒரு பந்தியில் விளக்கம் சேர்த்தார். இறுதியில் அது பங்குக்கே வரவில்லை. அண்ணா இன்றைக்கும் அதை அதிர்ஷ்டம் என்கிறார்.

ஓய்வூதியம் பற்றி நான் எதுவும் யோசித்திருக்கவில்லை. வீடு எனக்குக் கிடைத்தால் போதும், அவருடைய பென்சன் அவருக்கே இருக்கட்டும் என்பதுதான் என் நிலை. நம் பெண்களில் பெரும்பாலானோரின் நிலையும் அதுவாகத்தான் இருக்கும். கணவர் 14 வருடங்களாக உள்ளூராட்சிச் சபையில் வேலை செய்தவர். முதலில் தொகையைப் பார்ப்போம், பிறகு விட்டுக்கொடுங்கள் என்று சொலிசிட்டர் தடுத்தார். வந்த மாற்றுப் பெறுமதி 168,000 பவுண். அடமானம் போக வீட்டில் இருந்த எங்கள் பங்கோ ஏறத்தாழ 140,000. எனக்குத் தலை சுற்றியது. அவர் அதோடு நிற்காமல், சம்பளத்தையும் சேவைக்காலத்தையும் வைத்து வாழ்நாள் முழுக்கத் தரப்படும் ஓய்வூதியத்தின் ஒரு பவுணையும் வீட்டின் ஒரு பவுணையும் சமமாக வைத்து மாற்றக்கூடாது என்று கூறி, இதற்கென்றே உள்ள நிபுணர் ஒருவரிடம் அறிக்கை எடுக்கச் செய்தார். செலவைக் கணவரும் நானும் பாதி பாதியாகக் கொடுத்தோம். நான்கு மாதம் இழுத்தது. வீட்டில் பெரும் பங்கு எனக்கு, அதோடு ஓய்வூதியத்தில் 22 வீதம் என் பெயருக்கு மாறும் என்பது முடிவு. இந்த ஒரு ஆலோசனையின் பெறுமதி அவர்கள் என்னிடம் வாங்கிய முழுக் கட்டணத்தையும் விடப் பல மடங்கு.

இதில் ஒட்டியிருந்த இன்னொரு நுணுக்கம். நிபந்தனை ஆணை 2023 ஒக்ரோபரிலேயே கிடைத்துவிட்டது. டிசம்பரில் நான் இறுதி ஆணையையும் கேட்டு எல்லாவற்றையும் முடித்திருக்கலாம். சொலிசிட்டர் விடவில்லை. சொத்தையும் ஓய்வூதியத்தையும் பிரிக்கும் நிதி ஆணை வருவதற்கு முன் சட்டப்படி மனைவி என்ற நிலையை இழந்து, இடையில் கணவர் இறந்தால், விதவைக்குரிய ஓய்வூதியமும் இல்லை, பிரித்துத் தரும் ஆணையும் இல்லை என்ற நிலை வரும் என்றார். ஏழு மாதம் காத்திருந்தேன். "இன்னும் முடியவில்லையா" என்று அம்மா ஒவ்வொரு ஞாயிறும் தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருந்தார்.

பிள்ளைகள் விடயத்தில் சொலிசிட்டர் செய்தது குறைவு, அதுவே சரி. நான் "கஸ்டடி" என்று சொன்னபோதெல்லாம் அப்படி ஒரு சொல் இப்போது சட்டத்தில் இல்லை, பிள்ளைகள் யாருடன் வாழ்வார்கள், யாருடன் எப்போது நேரம் செலவிடுவார்கள் என்று மட்டும் பேசுவோம் என்று திருத்துவார். 1989ஆம் ஆண்டின் பிள்ளைகள் சட்டப்படி பிள்ளையின் நலனே நீதிமன்றத்தின் தலையாய அக்கறை. தாய்க்கோ தகப்பனுக்கோ வெற்றி தோல்வி என்று அங்கே எதுவும் எழுதப்படுவதில்லை. நேராக மத்தியஸ்தத்துக்கு அனுப்பினார். மத்தியஸ்தச் செலவுக்காக ஒரு குடும்பத்துக்கு 500 பவுண் வரை அரசாங்கம் அப்போது தந்த உதவிச் சீட்டைப் பற்றியும் அவரே சொன்னார். மூன்று அமர்வுகளில் வார நாட்கள், வார இறுதிகள், தைப்பொங்கல், பிறந்தநாட்கள் எல்லாம் ஒழுங்காயின.

ஒழுங்காகாதது ஒன்று: கோடை விடுமுறையில் பிள்ளைகளை ஐந்து வாரம் யாழ்ப்பாணத்துக்குக் கூட்டிப்போக நான் விரும்பினேன், கணவர் தயங்கினார். நீதிமன்ற ஆணை எதுவும் இல்லாத எங்கள் நிலையில், பெற்றோர் பொறுப்பு (பிள்ளை விடயத்தில் முடிவெடுக்கும் சட்டப்படியான உரிமையும் கடமையும்) உள்ள மற்றவரின் சம்மதம் இல்லாமல் ஒரு நாள்கூட வெளிநாடு கொண்டுபோக முடியாது. திரும்பி வரும் விமானச் சீட்டின் பிரதி, தங்கும் முகவரி, இரண்டு நாளுக்கு ஒரு தடவை காணொளி அழைப்பு ஆகியவற்றை முன்வைத்து என் சொலிசிட்டர் எழுதிய ஒன்றரைப் பக்கக் கடிதத்தில், ஒரு சட்டப் பிரிவும் ஒரு மிரட்டலும் இல்லை. கணவர் அடுத்த நாளே கையொப்பமிட்டார்.

இனிக் குறைகள். 2024 பெப்ரவரியில் என் சொலிசிட்டர் ஆறு வாரம் விடுப்பில் போக, கோப்பு அங்கே பயிற்சி பெற்றுவந்த ஒருவரிடம் போனது. நல்ல பிள்ளை, ஆனால் அவர் என் கோப்பை முதலிலிருந்து வாசித்த 1.4 மணித்தியாலத்துக்கு 160 பவுண் வீதம், வரியோடு 268 பவுண் 80 பென்ஸ் என் பட்டியலில் ஏறியிருந்தது. அவர்களுடைய ஆள் மாறியதற்கு நான் ஏன் பணம் கட்ட வேண்டும்? இரண்டு தடவை மின்னஞ்சல் அனுப்பியும் பதில் இல்லை. நிறுவனத்தின் முறைப்பாட்டு நடைமுறைப்படி எழுத்தில் கொடுத்து, எட்டு வாரத்துக்குள் தீராவிட்டால் சட்டச் சேவை முறைப்பாட்டு அதிகாரியிடம் போகலாம் என்பது எனக்குத் தெரியும் என்றும் ஒரு வரி சேர்த்த பிறகே, ஒன்பதாம் நாள் அந்தத் தொகை முழுவதும் கழிக்கப்பட்டது. மன்னிப்பும் வந்தது, ஆனால் வார்ப்புரு மன்னிப்பு.

மதிப்பீடும் தவறியது. வரியில்லாமல் 5,000 முதல் 6,500 என்றார்கள். முடிந்தது 7,340இல், வரியோடு 8,808 பவுண். நீதிமன்றக் கட்டணமும் ஓய்வூதிய அறிக்கையின் என் பாதியும் இதற்கு வெளியே. ஓய்வூதிய வேலையை முதலில் யாரும் எதிர்பார்த்திருக்க முடியாது என்பதை ஏற்கிறேன், ஆனால் எல்லையைத் தாண்டுவதற்கு முன் சொல்லியிருக்க வேண்டும். தாண்டிய பிறகே கடிதம் வந்தது. தொலைபேசி எடுப்பவரின் அலட்சியம் பற்றி ஒரு பந்தி எழுதலாம், விடுகிறேன்.

இவ்வளவுக்குப் பிறகும், சொத்தும் ஓய்வூதியமும் பிள்ளைகளும் உள்ள எவருக்கும் இந்தச் சொலிசிட்டரைச் சிபாரிசு செய்வேன். அவரிடம் போகும்போது கொப்பியையும் கொண்டுபோகச் சொல்வேன். பிள்ளைகளும் சொத்தும் இல்லாத, இரண்டு வருடத்தில் முடிந்த திருமணம் என்றால் ஒரு மணி நேர ஆலோசனையோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இறுதி ஆணை வந்த வாரம் கோப்பை மூடும் கடிதம் அனுப்பினார்கள். முற்பணத்தில் மிஞ்சிய 41 பவுணுக்குக் காசோலையும், விவாகரத்துக்குப் பிறகு பழைய மரணசாசனத்தை மாற்றி எழுதுவது நல்லது என்ற நினைவூட்டலும், அதற்கான கட்டண விபரமும் உள்ளே இருந்தன. நினைவூட்டலுக்கு நன்றி எழுத வேண்டும் என்று இரண்டு தடவை மின்னஞ்சலைத் திறந்தேன். ஓர் அலகு 31 பவுண் 20 பென்ஸ் என்பது நினைவுக்கு வர, இரண்டு தடவையும் மூடிவிட்டேன்.