எட்டு வருடமாகத் தமிழில் ஸ்லைடு செய்கிறேன்

தமிழ்வழி வகுப்பில் அறிவியல் நடத்துகிறேன். எட்டு வருடமாகப் பவர்பாயிண்டில்தான் ஸ்லைடு. முதல் இரண்டு வருடம் புத்தகத்தில் இருக்கும் பத்தியை அப்படியே ஒட்டிவிடுவேன். ஒளிச்சேர்க்கைக்கு ஒரே ஸ்லைடில் ஒன்பது வரி, 18 பாயிண்ட் எழுத்து. கடைசி பெஞ்சில் இருப்பவர்கள் கண்ணைச் சுருக்குவார்கள். மற்றவர்கள் அதை நோட்டில் எழுதி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். நான் பேசியது யார் காதிலும் ஏறவில்லை.

இப்போது அதே பாடம் ஐந்து ஸ்லைடு. முதலாவதில் வெயில் ஊடுருவும் வேப்பிலை ஒன்றின் படம், திரை முழுக்க. எழுத்தே கிடையாது. 'இது எதைச் சாப்பிட்டு வளருது?' என்று வாயால் கேட்கிறேன். அடுத்ததில் அதே இலை, உள்ளே போகும் இரண்டு அம்புகள்: நீர், கார்பன் டை ஆக்சைடு. அப்புறம் வெயிலும் பச்சையமும். பிறகு உண்டாகும் குளுக்கோஸ், வெளியே வரும் ஆக்சிஜன். சமன்பாடு கடைசியில்தான். இலை இடம் மாறாமல் அம்பு மட்டும் கூடுவதால் பிள்ளைகளின் கண் அலைவதில்லை. இதற்கு அனிமேஷன்கூட வேண்டாம். கன்ட்ரோல் டி (Ctrl+D) அழுத்தி ஸ்லைடை நகலெடுத்து, அம்பைச் சேர்த்தால் போதும்.

எழுத்துரு விஷயத்தில்தான் அதிகம் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஆங்கிலத்துக்குச் சொல்லும் அளவுகள் தமிழுக்கு அப்படியே பொருந்தாது. நம் சொற்கள் நீளம். மேலே 'கீ'யின் சுழி, கீழே 'கூ'வின் வால். வரி இடைவெளியை 1.2க்காவது ஏற்றாவிட்டால் இரண்டும் முட்டிக்கொள்ளும். சாய்வெழுத்தை நான் தொடுவதே இல்லை. பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் அதற்கெனத் தனி வடிவம் கிடையாது, மென்பொருள் சும்மா சரித்துக் காட்டும். அழுத்தம் வேண்டுமென்றால் தடித்த எழுத்து. முக்த மலர் எனக்கு மிகவும் பிடித்தது: 200 முதல் 800 வரை ஏழு தடிமன்கள், கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம். தலைப்புக்கு பாலூ தம்பி. எதுவானாலும் 28 பாயிண்டுக்குக் கீழே இறங்குவதில்லை.

ஒருமுறை ஆசிரியர் பயிற்சிக்குப் போன இடத்தில் இருந்த கணினியில் இந்த எழுத்துரு இல்லை. வேறொன்று வந்து உட்கார, தலைப்பெல்லாம் படத்தின் மேல் வழிந்தது. அன்றிலிருந்து சேமிக்கும்போதே எழுத்துருவைக் கோப்பில் பதித்துவிடுகிறேன். கூடவே ஒரு பிடிஎஃப் பிரதி பென்டிரைவில் இருக்கும்.

இன்னொன்று, பி (B) விசை. ஸ்லைடு ஓடும்போது அதை அழுத்தினால் திரை கறுத்துவிடும், மறுபடி அழுத்தினால் திரும்பி வரும். வாசல் மரத்திலிருந்து பறித்து வந்த வேப்பிலைகளை ஆளுக்கொன்றாகக் கொடுக்கும்போது அதைத்தான் அழுத்துகிறேன். அந்த ஐந்து நிமிடம் எல்லோரும் கையில் இருக்கும் இலையைப் பார்க்கிறார்கள்.